அளவுச் சட்டையில் இல்லாத கை

என் அக்கா தையல்காரி. நான் புரதங்களுக்கு வடிவம் சொல்கிறவள். இரண்டில் எது கஷ்டமான வேலை என்று ஒரு காலத்தில் நாங்கள் விளையாட்டாகச் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது கேட்டால் அவளுடையதுதான் என்று உடனே சொல்லிவிடுவேன். அவள் தைத்தது பொருந்தவில்லை என்றால் மறுநாளே வாசலில் வந்து நின்று கத்துவார்கள். அவளும் முகம் சுளிக்காமல் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். நான் போட்ட படம் பொருந்தவில்லை என்று யாரும் என்னிடம் வந்து கத்தியதில்லை. நாற்பத்தொரு படங்கள் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பாராட்டு மட்டும்தான் வந்தது.

அக்காவின் கடை என்பது அவள் வீட்டு முன்னறைதான். இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஓரத்தில் ரசம் போன ஆளுயரக் கண்ணாடி. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் பெரியகுட்டி உட்கார்ந்திருப்பாள். அக்காவின் மூத்த மகள், அப்போது நான்கு வயது. வந்திருந்த ஓரிரு சொல்லும் போய்விட்டது, கழுத்து நிற்காது, துணி கிழிபடும் சத்தம் கேட்டால் மட்டும் சிரிப்பாள். அவள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அக்கா கத்தரிக்கோலை விட்டுவிட்டுக் கையால் கிழிப்பாள். பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானது, அதனால்தான் இப்படி என்று முதல் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாங்களும் நம்பினோம்.

ஒருநாள் வாய் நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

"நீ ஆபீஸ்ல என்னதான்டி பண்ற? சட்டை தைக்க வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. தங்கச்சி விஞ்ஞானின்னு சொல்றேன், அடுத்த கேள்வி கேட்டா முழிக்கிறேன்."

"உடம்புக்குள்ள புரதம்னு ஆயிரக்கணக்குல இருக்குக்கா. ஒவ்வொண்ணும் ஒரு மணிமாலை மாதிரி. என்ன மணி, எந்த வரிசையில கோத்திருக்குன்னு சுலபமா படிச்சிடலாம். ஆனா அது மடங்கி ஒரு வடிவத்துக்கு வந்தாத்தான் வேலை செய்யும். அந்த வடிவத்தை நேரா அளக்கணும்னா வருஷக்கணக்கா ஆகும். சிலது அளக்கவே விடாது."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"அதுக்குச் சொந்தக்காரப் புரதம் எதையாவது யாராவது ஏற்கெனவே அளந்து வச்சிருக்காங்களான்னு தேடுவேன். கிடைச்சா ரெண்டு மாலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மணிக்கு மணி சரிபார்த்து, இதுவும் அது மாதிரிதான் மடங்கும்னு படம் போட்டுடுவேன்."

அக்கா குண்டூசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "அட, அளவுச் சட்டை! அளவு குடுக்க நேர்ல வர முடியாதவங்க, இதை வச்சுத் தைச்சுக் குடுன்னு தங்கச்சி சட்டையை அனுப்புவாங்க. அதேதானே? தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு உனக்கு டாக்டர் பட்டம் வேற குடுத்திருக்காங்க."

"குடுத்தாங்களே!"

"சரி, ஒரு சந்தேகம். அளவுச் சட்டையில கையே இல்ல. ஆனா இவங்களுக்குக் கை வச்சுத் தைக்கணும். அப்ப?"

"கம்ப்யூட்டரே ஒரு கையை வச்சுடும்."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. வேற எங்கயும் இடிக்காத மாதிரி ஏதோ ஒண்ணு வைக்கும்."

"நல்ல தையல்காரிங்கடி நீங்க," என்றாள் அக்கா. பெரியகுட்டிக்காக ஒரு துண்டுத் துணியைச் சர்ரென்று கிழித்தாள்.

இந்தப் பேச்சை நான் ஏன் இவ்வளவு நுணுக்கமாக நினைவு வைத்திருக்கிறேன் என்றால், சொல்ல வேண்டிய உண்மை அன்றைக்கே எங்கள் இரண்டு பேருக்கும் புரிகிற பாஷையில் வந்து விழுந்துவிட்டது. பிறகு வேண்டியபோது நான் அதை எடுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் இப்போதைய கருவிகள் வருவதற்கு முந்தைய கதை. இப்போது இயந்திரத்திடம் மாலையைக் கொடுத்தால் அதுவே மடித்துக் காட்டி, எந்த இடத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அப்போது நாங்கள் கையால் ஒட்டிப் பார்த்துத்தான் செய்தோம். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. எதிலும் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது அவருக்கு. வரைபடத்தில் ஒரு கோடு எகிறினால் தேய்த்துவிடுவார். கட்டுரையில் ஒரு சந்தேகம் தலைதூக்கினால் அதையும் தேய்ப்பார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பினவர்தான். 

குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிற நோய்களோடு தொடர்புடைய நாற்பத்தொரு புரதங்களுக்கு வடிவம் போடுவது எங்கள் திட்டம். பதினேழாவது புரதம் மூளைச் செல்களின் குப்பையைத் தன் நடுவிலுள்ள ஒரு குழியில் வைத்து வெட்டிப்போடுகிற ஒன்று. அது கெட்டுப்போனால் குப்பை சேர்ந்து சேர்ந்து, நன்றாக இருந்த குழந்தை ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வரும். அதில் முன்னூற்று எண்பத்தெட்டு மணிகள். அளந்து வைத்த சொந்தக்காரர் ஒருவர் கிடைத்தார். நூற்றுக்கு நாற்பத்தேழு மணி அப்படியே ஒத்துப்போனது. எங்கள் தொழிலில் அது நல்ல உறவு, கூடப்பிறந்தவர்கள் இல்லை என்றாலும் சித்தப்பா பிள்ளைகள் என்று சொல்லலாம்.

ஒரே ஒரு குறை. நம் புரதத்தில் இருநூற்று ஒன்று முதல் இருநூற்று இருபத்திரண்டு வரை இருந்த இருபத்திரண்டு மணிகள் அந்தச் சொந்தக்காரரிடம் கிடையவே கிடையாது. கை இல்லாத அளவுச் சட்டை. மென்பொருள் அந்த இருபத்திரண்டையும் ஒரு வளையமாக்கி, யார் மேலும் இடிக்காமல் வெளிப்பக்கம் தண்ணீரில் தொங்கவிட்டது. நான் வழக்கம்போல வண்ணம் கொடுத்தேன். நம்பக்கூடிய இடம் நீலம், நம்பக்கூடாத இடம் சிவப்பு. அந்த வளையம் மட்டும் பளிச்சென்று சிவப்பாக நின்றது.

இஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"அந்தச் சிவப்பை எடுத்துடும்மா. ஏதோ காயம் மாதிரி இருக்கு. பாக்கறவங்க கண்ணு நேரா அங்கதான் போகுது."

"அங்க போகணும்னுதான் சார் சிவப்பு."

"கட்டுரையில ஒரு வரி எழுதிடலாம். படம் படமா இருக்கட்டும்."

ஒவ்வொரு மணிக்கும் எதிரே, நம்பிக்கை எவ்வளவு என்று ஓர் எண் கோப்பின் கடைசிப் பத்தியில் இருக்கும். அந்தப் பத்தி முழுவதையும் ஒரே எண்ணாக மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். நான்தான் அடித்தேன். முழுப் புரதமும் அழகான நீலமாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், எங்களுக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை. கட்டுரை வந்தது. வடிவக் கோப்பு, எந்த மருத்துவரும் எடுத்துப் பார்க்கிற பொதுத்தளத்தில் ஏறியது. படத்தைச் சட்டம் போட்டு நடைவழியில் மாட்டினார்கள். கீழே என் பெயரும் இருந்தது.

அடுத்த வருடம் அக்காவுக்குச் சின்னகுட்டி பிறந்தாள். மூச்சு வர ஒரு நொடிகூடத் தாமதமில்லை, அழுகையிலேயே ஆஸ்பத்திரியைத் தூக்கி நிறுத்தினாள். ஐந்தாவது மாதம் குப்புற விழுந்தாள், ஆறாவது மாதம் உட்கார்ந்தாள். அக்கா புருஷன், மாமா, பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் எல்லோரிடமும் பேச ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பெரியகுட்டியைப் பார்க்க ஒரு புது மரபணு டாக்டர் வந்தார். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, இது பிறப்பு மூச்சுக் கோளாறு மட்டும்தானா என்று சந்தேகப்பட்டார். வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பெரியகுட்டிக்கு ஒரே மரபணுவில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. அக்காவிடமிருந்து வந்த மாற்றம் கெட்டது என்று ஏற்கெனவே தெரிந்தது. மாமாவிடமிருந்து வந்தது இதுவரை யாரும் பார்க்காதது. அதுவும் கெட்டதென்றால் பெரியகுட்டியின் நோய் இதுதான். அது சும்மா ஒரு மச்சம் மாதிரி என்றால் பழைய மூச்சுக் கதைதான் நிஜம். ரத்தத்தில் அந்த மரபணு செய்கிற புரதத்தின் வேலையை அளந்து பார்த்தார்கள். இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் நடுவில் நின்றது.

அதே இரண்டு மாற்றங்களும் சின்னகுட்டிக்கும் இருந்தன.

நோய் இருப்பது உறுதியானால் ஒரே வழி எலும்பு மஜ்ஜையை மாற்றுவது. முதல் அறிகுறி தெரிவதற்குள், அதாவது ஒரு வயதை ஒட்டிச் செய்துவிட வேண்டும். பிறகு செய்து பிரயோஜனமில்லை. ஆனால் அந்தச் சிகிச்சையிலேயே பத்தில் ஒரு குழந்தை போய்விடும். துள்ளிக்கொண்டிருக்கிற ஏழு மாதக் குழந்தைக்கு, உறுதியாகத் தெரியாமல் எந்த டாக்டரும் அதைச் செய்யமாட்டார். எல்லாமே மாமா கொடுத்த அந்த ஒரு மாற்றத்தில் வந்து நின்றது.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள். குரலில் குதிப்பு.

"அடியே, உன் படம்டி! டாக்டர் கம்ப்யூட்டர்ல காட்டினார். கீழ உன் பேரு போட்டிருக்கு. இது என் தங்கச்சி பேருதான்னு சொன்னதும் எழுந்து நின்னுட்டார் மனுஷன்."

"என்ன படம்?"

"அந்தப் புரதம்தான். எங்க வீட்டுக்காரர் குடுத்த மாத்தம் இருநூத்திப் பன்னிரண்டாவது மணியாம். உன் படத்துல அது வெளிப்பக்கம் தண்ணியில சும்மா தொங்குதாம். வேலை நடக்கற குழிக்கு ரொம்பத் தூரமாம். அதனால ஒண்ணும் பண்ணாதுன்னுதான் தோணுதுன்னார். அடுத்த வாரம் டாக்டர்ங்க எல்லாம் கூடி முடிவு பண்ணுவாங்களாம். இத்தனை நாள் கூரை ஏறிக் கோழி பிடிக்காதவ, எம் புள்ளையவே காப்பாத்திட்டியேடி!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் துணி கிழிபடும் சத்தமும் பெரியகுட்டியின் சிரிப்பும் கேட்டன. நான் பதினேழாவது புரதத்தின் கோப்பைத் திறந்து இருநூற்றுப் பன்னிரண்டு என்று தட்டினேன். மணி ஒளிர்ந்தது. அந்த வளையத்தின் நடுவில், நான் நீலம் பூசிய இடத்தில். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

"அக்கா, நான் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

"பாரு பாரு. நீ போட்டதுதானே," என்று வைத்துவிட்டாள்.

இஸ்திரியின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், குழந்தை யார் என்பதையும். அவர் முகம் உண்மையாகவே வாடியது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்த வளையம் தப்புன்னு உன்னால நிரூபிக்க முடியுமாம்மா?"

"சரின்னும் நிரூபிக்க முடியாது சார். அது கம்ப்யூட்டர் சும்மா வச்சது."

"அப்ப ரெண்டு பக்கமும் சமம்தானே. திருத்தம்னு போட்டா பதினேழாவது மட்டும் நிக்காது. நாப்பத்தொண்ணையும் கிளறுவாங்க. அடுத்த மாசம் திட்டத்தைப் புதுப்பிக்கணும். உன் கையெழுத்தும் அதுலதான் இருக்கு, உனக்குத் தெரியாததில்ல." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "டாக்டருக்கு நீ தனியா ஒரு லெட்டர் எழுதிடு. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா நம்ம பாணியில எழுது."

அவர் என்னை மிரட்டினார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசைதான். அவர் மிரட்டவில்லை. வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் ஆறு வருடமாக இருக்கிறவளை மிரட்டத் தேவையே இல்லை.

முதலில் எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: 'இந்த இருபத்திரண்டு மணிகளின் வடிவம் எந்த அளவீட்டிலிருந்தும் வந்ததல்ல, இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.' படித்துப் பார்த்தேன். என் படத்தை நானே கிழிப்பது மாதிரி இருந்தது. இன்னொரு பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பேச்சைக் கேட்டு மஜ்ஜையை மாற்றி, அந்தப் பத்தில் ஒன்று நம் குழந்தையாகிவிட்டால்? சும்மா இருந்து நடந்தால் விதி, நான் சொல்லி நடந்தால் பழி. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுத்தான் மூளையுள்ளவர்கள் கோழைகளாகிறோம்.

மாலைக்குள் அந்த வரி இப்படி ஆகியிருந்தது: 'ஒத்த வடிவம் கிடைக்காத சில வளையப் பகுதிகளின் அமைப்பை விளக்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படலாம்.' வழவழா கொழகொழா. இஸ்திரியிடம் காட்டினேன். அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்ற நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

டாக்டர் மறுநாளே பதில் போட்டார். நன்றி, இவ்வகை வடிவங்களுக்கு உரிய பொதுவான எச்சரிக்கையை நாங்கள் எப்போதும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்று. அவர் மேல் தப்பில்லை. எங்கள் ஆட்கள் எழுதும் எல்லாக் கட்டுரையிலும் இதே வரி இருக்கும், பாறை மாதிரி உறுதியான இடத்தைப் பற்றிப் பேசும்போதும் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் 'உடையும் பொருள்' என்று ஒட்டிவிட்டால் சுமை இறக்குகிறவன் எதைத்தான் மெதுவாக வைப்பான்?

அக்காவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே போன் செய்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன்கா. அதைப் பாத்துட்டு முடிவு பண்ணச் சொல்லு."

மிஷின் நின்றது. "என்ன லெட்டர்?"

"அது... டெக்னிக்கலா சில விஷயம்."

"பயப்படற மாதிரி ஏதாவதா?"

அவள் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சுக்கு நடுவே சொல்லியிருக்கலாம். அக்கா, அந்த அளவுச் சட்டையில் கை இல்லை. ஆறே சொல். தையல்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், அரை நிமிடத்தில் டாக்டர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

"இல்லக்கா," என்றேன்.

"அப்பாடா. உங்க மாமா நேத்துதான்டி நிம்மதியாத் தூங்கினார்," என்றாள். மிஷின் மறுபடி ஓடியது.

டாக்டர்கள் கூடினார்கள். சிகிச்சை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த மாதம் என் ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. சின்னகுட்டி பதினோராவது மாதம் நடந்தாள். பிறந்தநாளுக்கு நான் வாங்கிப் போன கரடிப் பொம்மையின் காதைக் கடித்துத் துப்பினாள். 'தா' என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு, தெரு முழுக்க எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டாள். நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தேன். என் வளையம் தற்செயலாகச் சரியாகவே இருந்துவிட்டதோ என்று நினைக்கவும் துணிந்துவிட்டேன்.

அவளுக்குப் பதினைந்தரை மாதம் இருக்கும்போது அக்கா போனில் சொன்னாள், "ஸ்பூனைக் கீழ கீழ போடறாடி."

"எல்லாப் புள்ளைங்களும்தான் போடும். விளையாட்டு," என்றேன்.

அக்கா போனை வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து இஸ்திரி எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பெரிய கேக். வேறொரு நாட்டுக் கூடத்தில் பதினேழாவது புரதத்தை நேராகவே அளந்துவிட்டார்களாம், நேற்று வெளியாகியிருக்கிறது. திரையில் இரண்டு வடிவங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். அவர்கள் அளந்தது சாம்பல், நாங்கள் ஊகித்தது நீலம். இரண்டும் உடம்பும் நிழலும்போல ஒட்டிக் கிடந்தன.

"முன்னூத்தி எண்பத்தெட்டுல முன்னூத்தி அறுபத்தாறு! தொண்ணூத்திநாலு சதவீதம்! ஒரே ஒரு வளையம் தவிர," என்றார். அதைச் சொல்லும்போதே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்தவள் என் முதுகில் தட்டினாள்.

"சார், முந்தின படம்," என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பிப் போனார். நாங்கள் வெளியே தண்ணீரில் தொங்கவிட்ட வளையம் அசலில் உள்பக்கம் மடங்கி, வேலை நடக்கிற குழியின் மேல் மூடிபோல உட்கார்ந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாவது மணி குழியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே மணி மாறினால் மூடி மூடாது. முதலாம் ஆண்டு மாணவனிடம் காட்டினாலும் சொல்லிவிடுவான். எண்சாண் உடம்பையும் சரியாகச் செய்து, தலைக்குப் பதிலாக ஒரு பானையைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம், அதற்குத்தான் கேக். எனக்கும் ஒரு துண்டு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அதை மேசையிலேயே வைத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

அக்கா கடையில் மிஷின் ஓடவில்லை. வெட்டு மேசையில் துணி இல்லை, ஆஸ்பத்திரி ஃபைல் விரித்துக் கிடந்தது. பெரியகுட்டி ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னகுட்டி பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். 'தா' என்று சொல்ல வாயைக் குவித்தாள், காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் ஸ்பூன் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். விரல்கள் மூடவில்லை. விழுந்தது.

"நேத்து மறுபடியும் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க," என்றாள் அக்கா. "அதேதானாம். நேரம் தாண்டிடுச்சாம்."

கத்தரிக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். என் கடிதம்.

"ஃபைல்ல இருந்துச்சு. டாக்டர் எடுத்துக் காட்டி, உங்க தங்கச்சி அப்பவே எச்சரிச்சிருக்காங்க, நாங்கதான் கவனிக்கலன்னு வருத்தப்பட்டார். பெருமையாத்தான் சொன்னார்." விரலை வரியின் மேல் வைத்தாள். "'கூடுதல் கவனம் தேவைப்படலாம்.' இதுக்கு என்னடி அர்த்தம்?"

"அக்கா..."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"அந்த இடத்துக்கு... அளவுச் சட்டையில கை இல்லக்கா. கம்ப்யூட்டர் சும்மா வச்சது."

அவள் என்னையே பார்த்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். வாசலில் வந்து கத்துகிற வாடிக்கைக்காரர்களைப்போலக் கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் போன்ல கேட்டேனே. பயப்படற மாதிரி ஏதாவதான்னு."

"கேட்ட."

"என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

தாளை நான்காக மடித்து ஃபைலுக்குள் வைத்தாள். மூலை பிசிறாமல், துணி மடிப்பதுபோல மடித்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அளவு நோட்டை எடுத்தாள். வாடிக்கைக்காரர்களின் தோள், மார்பு, நீளம் எல்லாம் வரிசையாக எழுதி வைக்கிற நீள நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு பத்தி. இடப்பக்கம் பெரியவ. எது எப்போது போனது என்று ஒவ்வொரு டாக்டரும் கேட்பார்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்தே எழுதி வைத்திருக்கிறாள். ஸ்பூன், பதினாறு மாசம். பேச்சு, பதினேழு. நிக்கறது, பத்தொன்பது. உக்கார்றது, இருபத்திரண்டு. கழுத்து, இருபத்தஞ்சு. முழுங்கறது, முப்பது. சிரிப்பு என்பதற்கு எதிரே எண் இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும். வலப்பக்கம் சின்னவ. ஸ்பூன், பதினஞ்சரை. பேச்சு, பதினாறு. அதற்குக் கீழே வரிசைகள் மட்டும், காலியாக.

இரண்டு பத்தியையும் வரிக்கு வரி ஒட்டிப் பார்த்தேன். ஆறு வருடமாகச் செய்த வேலை, கண் தானாகச் செய்தது. இதில் விடுபட்ட இடம் ஒன்றும் இல்லை.

"ஏன்க்கா இதை எழுதற?" என்றேன்.

அக்கா குனிந்து கீழே கிடந்த ஸ்பூனை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"பெரியவ அளவு இருக்குல்ல," என்றாள். "சின்னவளுக்கு அதைப் பாத்தே வெட்டிக்கலாம். இனி உன் படம் வேண்டாம்டி."